நிக்கோட்டின் சுவிங்கமா, மரைன் டிரைவ் நடையா?

சிகரெட்டை விட்ட முதல் வாரங்களில் புகைக்கும் தவிப்பைத் தணிக்க நான் நிக்கோட்டின் சுவிங்கத்தையே நம்பினேன். விழித்த அரை மணி நேரத்துக்குள் புகைத்தவர்களுக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிவும்தான் மிஞ்சும். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். தணிந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். கோப்பி குடித்தவுடன் போட்டால் மருந்து சரியாகச் சேராது. கால் மணி நேரம் பொறுங்கள்.

நடைக்குச் செலவில்லை. தவிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கும். கொழும்பு வெள்ளவத்தையின் கடலோரச் சாலையான மரைன் டிரைவில் கடற்காற்று முகத்தில் அடிக்க அதைக் கடந்துவிடலாம். அலுவலக நடுப்பகலில் அது முடியாது.

ஆரம்பத்தில் சுவிங்கம், பிறகு நடை என்பேன். ஒற்றைச் சிகரெட் விற்கும் பெட்டிக்கடை வந்தால் இன்றும் எதிர்ப்பக்கம் கடந்துவிடுகிறேன்.