பேராதனை வளாகம்: கூரையும் குன்றும்

இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் மரங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். ரொபரோசியா மரங்கள் பூத்து வளாகத்தினூடே செல்லும் கலஹா வீதி முழுவதும் இளஞ்சிவப்பாகக் கிடக்கும் நாட்களில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அங்கே முதலில் கண்ணில் படுபவை கூரைகள்தாம்.

ஹந்தானை மலையடிவாரத்திலிருந்து மகாவலிக் கரைவரை சரிந்து இறங்கும் அந்த நிலத்துக்கு பட்ரிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் திட்டம் வகுக்க, கட்டடங்களை வடிவமைத்தவர் ஷேர்லி டி அல்விஸ். உச்சியில் செங்குத்தாகவும் கீழே சற்றுப் படிந்தும் இறங்கும் கண்டிப் பாணி ஓட்டுக்கூரையை அவர் அழகுக்காக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மழை ஓயாத மலைநாட்டில் அகன்ற இறவாரம் சுவரையும் நடைகூடத்தையும் நனையாமல் காக்கிறது, கட்டடமும் பின்னால் நிற்கும் மலையோடு போட்டியிடாமல் அடங்கி நிற்கிறது. பல்கலைக்கழக நிர்வாகம் இயங்கும் செனற் கட்டடத்துக்குள், வாசற்படியில் பதித்த அரைவட்டச் செதுக்குக் கல்லான சந்திரவட்டக்கல்லைக் கடந்து நுழைந்து, செதுக்கு வேலைப்பாடுள்ள தூண்களை ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள். கண்டி அரசமண்டபத்து மரத்தூண்களின் சாயல் அவற்றில் தெரியும்.

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கு இடம்பெயர்ந்தது. மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பது முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் எண்ணம். அருணாசலம், இராமநாதன் முதலிய விடுதிகள் சரிவுகளில் விலகி விலகி அமைந்திருப்பதன் காரணமும் அதுவே. பார்வைக்கு இது பெரும் அழகு, கால்களுக்கோ பெரும் சோதனை. பொறியியற் பீடம் ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துச் செல்வதானால் வாகனம் இல்லாமல் போகாதீர்கள். மற்றவர்கள் கண்டியிலிருந்து ரயிலேறி சரசவி உயன நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

என்னைக் கேட்டால், வளாகத்தின் மிகச் சிறந்த கட்டுமானம் ஏறக்குறைய எதையுமே கட்டாமல் விட்ட இடம்தான். சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் பெயர் தாங்கிய திறந்தவெளி அரங்கைச் சிங்களத்தில் 'வள' என்பார்கள், அதாவது பள்ளம். இயற்கையான சரிவே இருக்கை, மரக்கிளைகளே கூரை. மாலை நிகழ்ச்சிக்குப் போவதானால் குடையோடு, ஈரத்தில் விரித்து உட்கார ஒரு பழைய பேப்பரும் கொண்டுபோங்கள்.