கழற்றி மாட்டும் போனா, அப்டேட் வரும் போனா?

கூகுள் தன் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தை 2014 செப்டம்பரில் முதன்முதலாகத் தொடங்கியது இந்தியாவில்தான். மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் ஏ1, கார்பன் ஸ்பார்க்கிள் வி, ஸ்பைஸ் ட்ரீம் யூனோ என்று மூன்று பெயர்கள். மூன்றின் வயிற்றிலும் ஒரே மீடியாடெக் சிப், 1 ஜிபி ரேம், 4 ஜிபி சேமிப்பகம். ஆரம்ப விலை 6,399 ரூபாய். தயாரித்த நிறுவனத்தின் தயவை எதிர்பார்க்காமல், இரண்டு ஆண்டுகளுக்கு அப்டேட்டை கூகுளே அனுப்பும் என்பது வாக்குறுதி.

அடுத்த ஆண்டு டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து வந்த ஃபேர்போன் 2 நேர் எதிர்த் திசையில் போனது. பின்மூடியையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, இரண்டு சிறிய நீலத் தாழ்களை நகர்த்தினால் திரை கையோடு வந்துவிடும், திருப்புளி தேவையில்லை. மற்ற போன்களுக்கு சென்னை ரிச்சி தெருக் கடைகளில் சூடுகாட்டிப் பசையை இளக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை இது. 8 மெகாபிக்சல் கேமரா போதாது என்றவர்களுக்கு 2017-இல் 12 மெகாபிக்சல் கேமராவைத் தனியாகவே விற்றார்கள். அழகான ஏற்பாடுதான். ஆனால் விலை 500 யூரோவுக்கு மேல். அந்தப் பணத்தில் நம் ஊரில் ஐந்து கேன்வாஸ் ஏ1 வாங்கியிருக்கலாம்.

இரண்டிலும் மாற்ற முடியாதது சிப், அதாவது ப்ராசஸர். அதையும் மாற்றலாம் என்று ஆசை காட்டிய கூகுளின் கழற்றி மாட்டும் போன் திட்டமான ப்ராஜெக்ட் ஆரா, 2016 மே மாதத்தில் ப்ராசஸர் போனின் சட்டகத்தோடு சேர்ந்தேதான் வரும் என்று பின்வாங்கியது; செப்டம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. ஃபேர்போன் 2-இல் இருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்பை ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு அதைத் தயாரித்த குவால்காம் கைகழுவிவிட்டது. ஃபேர்போன் என்ற அந்தச் சிறிய நிறுவனம் தானே மல்லுக்கட்டி ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுபோய், 2023 மார்ச் வரை ஆதரவு தந்தது. என்னைக் கேட்டால், கழன்று வரும் திரையைவிட இதுதான் அந்தப் போனின் பெருமை.

ஆண்ட்ராய்டு ஒன் போன்களுக்கும் சொன்னபடி ஆண்ட்ராய்டு 5.1 வந்தது, 6 வந்தது. இடம்தான் இல்லை. 4 ஜிபியில் இயங்குதளமே பெரும்பங்கை எடுத்துக்கொண்டால், வாட்ஸ்அப்பில் விடியும்தோறும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களை எங்கே வைப்பது? அப்டேட்டை இறக்கவே முதலில் எதையாவது அழிக்க வேண்டும். மெமரி கார்டை உள்நினைவகமாகவே மாற்றிக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டு 6-இல் வந்தது. மலிவான கார்டைப் போட்டால் போன் ஆமையாகிவிடும் என்பது வேறு கதை.

2024 அக்டோபரில் 18,999 ரூபாய்க்கு வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு ஆறு ஆண்ட்ராய்டு பதிப்புகள், ஆறு ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தார்கள். சேமிப்பகம் 128 ஜிபி, மெமரி கார்டுக்கும் இடம் உண்டு. பேட்டரியை நாமே கழற்ற முடியாது. இருந்தாலும் 20 ஆயிரத்துக்குள் ஒரு போன் சொல் என்று அண்ணி கேட்டால் இந்த வகையைத்தான் காட்டுவேன். மூன்றாம் ஆண்டு முடிவில் புதுப் பேட்டரி மாற்ற ஒரு தொகையை இப்போதே ஒதுக்கி வைக்கவும் சொல்வேன்.