கன்டெய்னர் மாட்டிக்கொண்டால்: கூட்டத்தில் கேட்பதா, ஐஸ்கேட்டில் எழுதுவதா?

சுங்கத்துறையிடம் குறை சொல்ல இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. கமிஷனர் தலைமையில் வணிகர்களோடு கூட்டம் நடக்கிறது. ஐஸ்கேட் என்ற சுங்கத்துறை இணையதளத்தில் முறையீடு பதியலாம். துறைமுகங்களில் துரந்த் சுவிதா கேந்திரா என்று உதவி மையம் இருக்கிறது. எதிலும் பதில் வரவில்லை என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளமான சிபிகிராம்ஸ். எல்லாமே இலவசம், எதற்கும் வக்கீல் வேண்டாம். எதில் போனால் வேலை நடக்கும் என்பதுதான் எந்த அறிவிப்பிலும் இருக்காது.

நாங்கள் கோவையில் பம்ப் செய்கிற சின்ன நிறுவனம். மெக்கானிக்கல் சீல் (பம்ப் தண்டின் வழியே நீர் கசியாமல் தடுக்கும் பாகம்), பேரிங் போன்றவை சென்னை வழியாக வருகின்றன. தயாரான பம்புகள் கொஞ்சம் தூத்துக்குடி வழியாகப் போகின்றன. இறக்குமதியில் சிக்கல் வந்தபோது சங்கம் மூலமாகக் கூட்டத்தில் எழுப்பலாமா, ஐஸ்கேட்டில் எழுதலாமா என்று யோசித்து, எழுதும் வழியைப் பிடித்தோம். அதனால் நான் நடுநிலை ஆள் இல்லை. ஒரு சரக்கு நிற்கிறது என்றால் ஐஸ்கேட், ஒரே தொல்லை திரும்பத் திரும்ப வருகிறது என்றால் கூட்டம் என்பது என் கட்சி.

முதலில் கூட்டம். இதில் இரண்டு வகை. ஒன்று பி.டி.எஃப்.சி. எனப்படும் நிரந்தர வர்த்தக வசதிக் குழு. சுங்க முகவர் (நமக்காகச் சுங்க வேலைகளைப் பார்ப்பவர்) சங்கம், வணிகர் சங்கங்கள், கப்பல் ஏஜென்டுகள், சி.எஃப்.எஸ். (இறக்கிய கன்டெய்னர்களை வைத்துத் திறக்கும் சரக்கு நிலையம்) நடத்துபவர்கள் எல்லோரும் கமிஷனரோடு உட்காருவார்கள். இன்னொன்று 2015-ஆம் ஆண்டு சுற்றறிக்கை ஒன்றால் அமைந்த சி.சி.எஃப்.சி. எனப்படும் சுங்க அனுமதி வசதிக் குழு. இதில் உணவுப் பாதுகாப்புத் துறை, பிளான்ட் குவாரன்டைன் (தாவரப் பொருள் பரிசோதனை), மருந்துக் கட்டுப்பாடு, துறைமுக நிர்வாகம் என்று, சரக்கை நிறுத்திவைக்கக்கூடிய மற்ற துறைகளும் சேர்ந்து இருக்கும். பருப்போ முந்திரியோ இறக்குமதி செய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். சுங்க அதிகாரி “என் வேலை முடிந்தது, சாம்பிள் ரிப்போர்ட்தான் வரவில்லை” என்று சொன்னால், அந்த ரிப்போர்ட்டைத் தர வேண்டியவர் எதிர் நாற்காலியிலேயே இருப்பார்.

பேச வேண்டியதை முன்கூட்டியே அஜெண்டாவாக எழுதி, சங்கம் வழியாக அனுப்ப வேண்டும். ஸ்கேனரில் லாரி வரிசை நகரவில்லை, சி.எஃப்.எஸ்.ஸில் பெட்டி திறக்க ஆள் இல்லை, சர்வர் படுத்துக்கொள்கிறது, இந்த மாதிரி விஷயங்கள் அங்கே நன்றாக எடுபடும். மினிட்ஸில் ஏறும், அடுத்த கூட்டத்தில் “என்ன ஆச்சு?” என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும். கூட்டுக் குரலுக்கு உள்ள பலத்துக்கு நல்ல உதாரணம் 2018. ஜி.எஸ்.டி. வந்த புதிதில், ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்) ஒரு இன்வாய்ஸ் எண்ணும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்தில் வேறொரு எண்ணும் இருந்தால் எஸ்.பி.005 என்ற பிழை விழுந்து ஏற்றுமதிக்குக் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. வரியின் ரீஃபண்ட் நின்றுவிடும். ஊர் ஊராக ஏற்றுமதியாளர்கள் கத்திய பிறகு, 2018 மார்ச்சில் நாடு முழுவதும் ‘ரீஃபண்ட் இருவாரம்’ நடத்தினார்கள். மே 31-இல் இரண்டாவது சுற்றும் தொடங்கியது. அதிகாரியே கணினியில் பொருத்தம் பார்த்துப் பிழையை நீக்கவும் வழி செய்தார்கள். தனியொரு நிறுவனத்தின் கடிதத்துக்கு அவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்க மாட்டார்கள்.

சரி, ஒற்றைக் கன்டெய்னருக்கு ஏன் கூட்டம் ஆகாது? பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்) எண்ணைச் சொல்லிப் பேசினால் “அதைக் கூட்டம் முடிந்து தனியாகப் பார்க்கலாம்” என்பார்கள். இன்னொன்று, ஃபைல் அங்கே இருக்காது. 2020 ஜூன் 8-ஆம் தேதி சென்னையிலும் பெங்களூரிலும் சுங்க வரிப் பட்டியலின் 84, 85-ஆம் அத்தியாயச் சரக்குகளுக்கு (இயந்திரங்கள், மின் சாதனங்கள்) முகமற்ற மதிப்பீடு, அதாவது வேறு ஊர் அதிகாரி கணினியிலேயே வரியைச் சரிபார்க்கும் முறை, தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 31-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. பம்ப் சாமான் எல்லாம் 84-ஆம் அத்தியாயம்தான் என்பதால் முதல் நாளிலிருந்தே நாங்கள் அதற்குள் இருக்கிறோம். சென்னையில் போட்ட பில்லைக் கொல்கத்தாவில் ஒருவர் பார்ப்பார், அல்லது மும்பையில். அவர் யார் என்று நமக்குத் தெரியாது. சென்னைச் சுங்க இல்லம் உள்ள ராஜாஜி சாலையில் இருக்கும் அதிகாரி நல்ல மனிதராகவே இருந்தாலும், அந்தப் பில்லைத் திறந்து கையெழுத்துப் போட அவருக்கு வழியில்லை.

இதையெல்லாம் விட எங்கள் முடிவைத் தீர்மானித்தது வாடகை. நியாயம் யார் பக்கம் என்பது அப்புறம். பெட்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் இரண்டு மீட்டர் ஓடுகிறது. ஒன்று சி.எஃப்.எஸ்.ஸின் கிரவுண்ட் ரென்ட் (இட வாடகை). மற்றது ஷிப்பிங் லைன், அதாவது கப்பல் நிறுவனம், பெட்டியைத் திருப்பித் தரும் வரை வாங்கும் கன்டெய்னர் டிடென்ஷன். ஃப்ரீ டேஸ் (கட்டணமில்லா நாட்கள்) தீர்ந்ததும் அது டாலர் கணக்கில் ஏறும், நாள் ஆக ஆக ஸ்லாபும் மாறும். கட்ட வேண்டிய டியூட்டி வித்தியாசம் சில ஆயிரமாக இருக்க, வாடகை அதைத் தாண்டிப் போவது சர்வ சாதாரணம். அடுத்த கூட்டம் எப்போது என்று காத்திருக்கும் யோசனையே இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

“சுங்கத்துறை நிறுத்தினால் வாடகை கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறதே” என்று பலர் சொல்வார்கள். இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் சுங்கப் பகுதிச் சரக்குக் கையாளுதல் விதிமுறைகளின்படி, அதிகாரி கைப்பற்றிய, தடுத்துவைத்த, பறிமுதல் செய்த சரக்குக்கு சி.எஃப்.எஸ். வாடகை வாங்கக் கூடாது. லைன்களுக்கும் 2018 விதிமுறைகளில் இது போன்ற ஒரு வரி உண்டு. வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும்: தடுத்துவைத்த சரக்கு. ஒரு க்வெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) போட்டுவிட்டு, நாம் பதில் சொன்ன பிறகும் பில்லைத் தொடாமல் நாலு நாள் வைத்திருந்தால் அது தடுத்துவைத்தல் ஆகாது, வெறும் தாமதம். வாடகைத் தள்ளுபடி கேட்கக் காட்டும் தடுத்துவைப்புச் சான்றிதழ் தாமதத்துக்குக் கிடையாது. சான்றிதழ் கிடைத்தாலும் சி.எஃப்.எஸ். கொஞ்சம் குறைக்கும், லைன் “எங்கள் ஒப்பந்தம் தனி” என்று சொல்லும் என்பதே நான் கண்டது. வேறு துறைமுகங்களில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கலாம். தள்ளுபடியை நம்பிக் காத்திருப்பதைவிட நாளைக் குறைப்பதே மேல்.

நாளைக் குறைப்பதில்தான் ஐஸ்கேட் முறையீடு ஜெயிக்கிறது. 2021 ஜூலைச் சுற்றறிக்கை ஒன்றின் மூலம் வந்த வசதி இது. அசெஸ்மென்டிலோ எக்ஸாமினேஷனிலோ ஒரு வேலை நாளுக்கு மேல் பில் தேங்கினால், இறக்குமதியாளரோ சுங்க முகவரோ நேரடியாகப் பதியலாம். எந்த ஊர்க் குழுவிடம் பில் இருக்கிறதோ அந்தக் குழுவுக்கே அது தானாகப் போய்ச் சேரும். தேசிய மதிப்பீட்டு மையமும் கண்காணிக்கும். கொல்கத்தாவில் யாரைப் பிடிப்பது என்ற கவலை இல்லை.

பதிவதற்கு முன் பில் யார் கையில் நிற்கிறது என்று ஐஸ்கேட்டிலேயே நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். க்வெரி வந்து, அது நம் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறது என்றால் முறையீட்டில் ஒரு பயனும் இல்லை. எங்கள் மெக்கானிக்கல் சீல் விஷயத்தில் “கேட்லாக் இணைக்கவும், பம்பின் பாகமாக ஏன் கொள்ளக் கூடாது என விளக்கவும்” என்று கேட்டிருந்தார்கள். நாங்கள் போட்டிருந்தது 8484 என்ற வரித் தலைப்பு. பம்பில்தான் மாட்டுகிறோம் என்பதற்காக அது பம்புகளுக்கான 8413-இல் பம்ப் பாகமாகிவிடாது. 84, 85-ஆம் அத்தியாயங்களில் தனக்கென்று தலைப்பு உள்ள பாகம் அந்தத் தலைப்பிலேயே போக வேண்டும் என்று வரிப் பட்டியலின் பதினாறாம் பிரிவின் இரண்டாவது குறிப்பு சொல்கிறது. அந்தக் குறிப்பை எடுத்து எழுதி, கேட்லாகில் சீலின் குறுக்குவெட்டுப் படம் இருக்கும் பக்கத்தை மட்டும் பிரித்து, ஆவணங்களை ஏற்றும் இ-சஞ்சித் தளத்தில் ஏற்றினோம். முழுக் கேட்லாகையும் ஏற்றினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பதில் போட்ட பிறகும் பில் நகரவில்லை. அப்போதுதான் முறையீடு. எழுதியது மூன்றே வரி: பில் எண், தேதி, க்வெரிக்குப் பதில் தந்த தேதி, இ-சஞ்சித் எண், “அதன் பிறகு நடவடிக்கை இல்லை, ஃப்ரீ டேஸ் இன்ன தேதியோடு முடிகிறது.” புலம்பலுக்கு அங்கே இடமில்லை. அந்த வாரமே பில் நகர்ந்தது. முறையீட்டால்தானா, அல்லது வரிசைப்படி வந்திருக்குமா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பதிந்த எண்ணும் தேதியும் கையில் நின்றன. பிறகு கமிஷனருக்குக் கடிதம் எழுத நேர்ந்தால் அதை வைத்துத் தொடங்கலாம்.

முகவர் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் முகவர் நல்லவர், இருபது வருஷப் பழக்கம். ஆனாலும் “சார், முறையீடு போடலாமா?” என்றால் முகம் மாறும். அவர் தினமும் அதே வாசலில் ஏறி இறங்க வேண்டியவர். அவர் தயங்குவதில் தப்பில்லை. கூட்டத்தில் எழுந்து பேசவும் அதே தயக்கம்தான். ஐஸ்கேட்டில் இறக்குமதியாளரின் லாகினில் இருந்தே பதியலாம் என்பதால் அவரை முன்னால் நிறுத்தத் தேவையில்லை.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். முறையீடு ஃபைலைத் தள்ளும், வழக்கைத் தீர்க்காது. “தீர்க்கப்பட்டது” என்று எஸ்.எம்.எஸ். வரும், திறந்து பார்த்தால் இன்னொரு க்வெரி விழுந்திருக்கும். அதிகாரி வகைப்பாட்டை மாற்றி டியூட்டியைக் கூட்டியே தீருவேன் என்றால், வேறு மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். அவற்றைச் சட்டமே தருகிறது. சுங்கச் சட்டம் 17(5): மறுமதிப்பீட்டை நாம் எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், 15 நாளுக்குள் காரணம் காட்டி ஆணை தர வேண்டும். டியூட்டியை ஆட்சேபத்தோடு கட்டிச் சரக்கை எடுத்துவிட்டு, அந்த ஆணையை வைத்து 60 நாளுக்குள் அப்பீல் போகலாம். பிரிவு 18: பரிசோதனையோ விசாரணையோ பாக்கி என்றால், பாண்டும் (உறுதிப் பத்திரம்) பிணையும் கொடுத்துத் தற்காலிக மதிப்பீட்டில் சரக்கை விடுவிக்கலாம். பிரிவு 49: சீக்கிரம் முடியாது என்று தெரிந்தால் அனுமதி வாங்கிச் சரக்கைக் கிடங்குக்கு மாற்றலாம், 30 நாள் வரை. காலிப் பெட்டியை லைனிடம் திருப்பிக் கொடுத்தால் டாலர் மீட்டர் அன்றோடு நிற்கும். கிடங்கு வாடகை, லாரிச் செலவு, ஏற்று இறக்குக் கூலி உண்டு. அரைப் பெட்டிச் சரக்குக்கு இது கட்டுப்படியாகாது, முழுப் பெட்டிக்குப் பெரும்பாலும் ஆகும். தகராறு நீளும் என்று தெரிந்த அன்றே முறையீட்டோடு இந்த மனுவையும் சேர்த்துப் போட்டுவிடுவது நல்லது.

துரந்த் சுவிதா கேந்திரா பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அசல் ஆவணம் காட்ட, பாண்ட் கொடுக்க என்று துறைமுகத்தில் செய்ய வேண்டிய வேலைகளுக்குச் சரியான இடம். மதிப்பீட்டுத் தகராறை அங்கே கொண்டுபோனால் நம் குறையைப் பணிவாகக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். சிபிகிராம்ஸை எங்கள் அனுபவத்தில் சரக்குக்குப் பயன்படுத்தியதில்லை. பழைய டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி) தொகை ஒன்றுக்காகப் போட்டோம், பதில் வந்தது, பணமும் வந்தது. 2024 ஆகஸ்டில் பதில் தரும் கெடுவை 30 நாளிலிருந்து 21 ஆகக் குறைத்தார்கள். வாடகை ஏறாத, ஆனால் யாரும் கண்டுகொள்ளாத பாக்கிகளுக்கு அது பொருத்தமாகப் படுகிறது. பெட்டி யார்டில் நிற்கும்போது 21 நாள் என்பது பேச்சுக்கே ஆகாது.

ஏற்றுமதியில் கணக்கு வேறு. அங்கே கவலை வாடகையைவிட கப்பலின் கட்-ஆஃப் (சரக்கை ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரம்). நான் சொன்ன ஐஸ்கேட் முறையீடு பில் ஆஃப் என்ட்ரிக்காக வந்தது. ஷிப்பிங் பில் நின்றால் போனும் நேரில் போவதும்தான் இன்றும் வேகமான வழி. தூத்துக்குடி மாதிரி இடத்தில் யாரிடம் கேட்பது என்று முகவருக்கே தெரிந்திருக்கும், அங்கே அவர் தயங்குவதும் இல்லை. ரீஃபண்ட், இ.ஜி.எம். (கப்பல் தரும் ஏற்றுமதிச் சரக்குப் பட்டியல்) பிழை போன்றவை பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் விழுகின்றன என்றால் சங்கம் மூலம் அஜெண்டாவில் ஏற்றுவதே சரி. தனியாக எழுதிக்கொண்டிருந்தால் ஆளுக்கொரு பதில் வரும்.

கடைசியாக, தகராறே வராமல் முன்கூட்டித் தீர்த்துக்கொள்ளும் வழி: முன் தீர்ப்பு, அதாவது சரக்கு எந்தத் தலைப்பில் வரும் என்பது போன்ற கேள்விக்கு முன்பே முடிவு வாங்கிக்கொள்வது. டெல்லியிலும் மும்பையிலும் இதற்கான ஆணையங்கள் இருக்கின்றன. கட்டணம் 10,000 ரூபாய், விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு தர வேண்டும், கமிஷனரையும் அவர் கீழுள்ள அதிகாரிகளையும் அது கட்டுப்படுத்தும். ஏற்கெனவே அதிகாரியிடம் நிலுவையில் உள்ள கேள்விக்கு இதில் இடமில்லை என்பதால், சரக்கு வருவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். நாங்கள் இதுவரை போனதில்லை. பெரிய நிறுவனங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எங்கள் அளவுக்குக் கட்டணத்தைவிட விண்ணப்பம் தயாரிக்கும் ஆலோசகர் செலவுதான் யோசிக்க வைக்கிறது. அடுத்த ஆர்டரில் சீலோடு ஷாஃப்ட் ஸ்லீவும் ஒன்றாகச் சேர்ந்த செட் வருகிறது. அது 8484-ஆ 8413-ஆ என்று எங்களுக்கே தெளிவில்லை. அதற்காவது போடலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறோம்.