ஹெட் மாத்தியாச்சு, பில் இன்னும் நகருது: பழைய டாட் மேட்ரிக்ஸோடு குடித்தனம்

கடையில் ஓடும், வரிக்கு 80 எழுத்து அடிக்கிற 9 பின் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் புது ஹெட் (பின் என்கிற கம்பிகளால் ரிப்பன் மேல் குத்தி எழுத்தைப் பதிக்கும் தலை) போட்டாச்சு. எழுத்து கறுகறுவென்று விழுகிறது, மூணாவது காப்பியும் கண்ணாடி போடாமல் படிக்க வருகிறது. "அண்ணே, அந்தக் காசுக்கு ஒரு லேசரே வாங்கியிருக்கலாமே" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாடல் பெயர் எழுதப் போவதில்லை. இந்த ரக மெஷின் எதை எடுத்தாலும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். வேகம், பஃபர் கணக்கெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும்.

கோபத்தை முதலில் கொட்டிவிடுகிறேன். எரிச்சல் ஹெட்டில் இல்லை, சத்தத்திலும் இல்லை. தாள் நகர்வதில்தான். காலையில் முதல் பில் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும். பத்தாவது பில்லில் மொத்தத் தொகை கிழிக்கிற கோட்டின் மேல் விழும். அதற்கடுத்ததில் வண்டி நம்பர் சரக்கு விவரத்துக்குள் புகுந்துவிடும். முன்னச்சு அடித்த மூணு காப்பித் தாள் என்றால் ஒவ்வொரு வீணும் மூணு வீண். வாடிக்கையாளர் எதிரே நின்று கொண்டிருப்பார். கடைப் பையன் குமிழைப் பிடித்துத் திருகுவான். அதோடு அன்றைய மீதிப் பில் எல்லாமே தாறுமாறு.

காரணம் எளிது. கிழிக்கிற கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்க இந்த மெஷினில் கண் கிடையாது. தாள் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று சொல்லும் சென்சார் உண்டு, அவ்வளவுதான். ஸ்விட்ச் போடும்போது தாள் எங்கே நிற்கிறதோ அதுவே பக்கத்தின் தலை என்று எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து மோட்டார் வைக்கிற அடியை எண்ணிக்கொண்டே போகும், கண்ணைக் கட்டிக்கொண்டு படி எண்ணி இறங்குகிறவர் மாதிரி. எண்ணிக்கையில் அது தப்புவது அபூர்வம். எத்தனை படி என்று நாம் தப்பாகச் சொல்லிக் கொடுப்பதுதான் வழக்கம். இது தெரிந்திருந்தும் கோபம் அதன் மேல்தான் வருகிறது. அதைத் தவிர்க்க வழி தெரியவில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு ஸ்கேலை எடுங்கள். ஒரு பில்லுக்கு எவ்வளவு நகர்கிறது, மேலேயா கீழேயா என்று அளந்தாலே பாதி வியாதி தெரிந்துவிடும். தாளின் ஓரத் துளைகள் அரை அங்குலத்துக்கு ஒன்று. 12 அங்குலத் தாளில் ஒரு பக்கத்துக்கு 24 துளை, 11 அங்குலத் தாளில் 22, பாதித் தாளான 6 அங்குலத்தில் 12. நம்மூர்க் கடைகளில் வாங்குவது பெரும்பாலும் 10×12. மெஷினின் பிறவி அமைப்போ பல மாடல்களில் 11 அங்குலம். அப்படியே விட்டால் ஒவ்வொரு பில்லும் சரியாக ஒரு அங்குலம், அதாவது இரண்டு துளை, மேலே ஏறும். ஏறுவது ஒரு அங்குலம் இல்லாமல் 8 மி.மீ. அளவு என்றால் குற்றவாளி ஏ4. அதன் நீளம் 297 மி.மீ., 12 அங்குலம் என்பது 304.8 மி.மீ. கணினியில் எங்கேயோ ஒரு மூலையில் ஏ4 என்று இருக்கிறது, தேடிப் பிடியுங்கள்.

கீழே இறங்கினால் கதை வேறு. ஒரு பில்லுக்கு 4 மி.மீ. சொச்சம், அதாவது ஆறில் ஒரு அங்குலம் இறங்கினால் அது ஒரு வரி. பழைய பில்லிங் புரோகிராம்கள் பல, பக்கம் தள்ளும் கட்டளையை அனுப்பாமல் வெற்று வரிகளை அனுப்பியே பக்கத்தை நிரப்பும். 12 அங்குலத்துக்கு 72 வரி. 73 அனுப்பினால் இறக்கம் ஆரம்பம். சரியாக 72 வரியும் அனுப்பிவிட்டு அதற்கு மேல் பக்கம் தள்ளும் கட்டளையையும் அனுப்பினால், இரண்டு பில்லுக்கு நடுவே ஒரு வெற்றுத் தாள் ஓடும். வரிக்கு வரி இடைவெளி இரட்டிப்பானால் பிரிண்டர் மெனுவில் ஆட்டோ லைன் ஃபீடு (வரி முடிந்ததும் தானாக இன்னொரு வரி தள்ளுவது) ஆன் ஆகியிருக்கிறது, அணைத்துவிடுங்கள்.

அளவே ஒழுங்கில்லாமல் ஒருமுறை 1 மி.மீ., ஒருமுறை 3 மி.மீ. என்று போனால் மட்டும் மெஷினைச் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது, தொடர் தாளா தனித்தாளா என்று மாற்றுகிற பேப்பர் ரிலீஸ் லீவர். அது தனித்தாள் பக்கம் இருந்தால் ரோலர் ஒரு பக்கம் இழுக்கும், டிராக்டரின் (ஓரத் துளைகளில் மாட்டித் தாளை நகர்த்தும் பகுதி) பற்கள் ஒரு பக்கம் இழுக்கும், துளைகள் நீள்வட்டமாகக் கிழியத் தொடங்கும். அடுத்து தாள் கட்டு. அது மெஷினுக்கு நேர் பின்னால், டிராக்டருக்கு இணையாக இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியின் மடிப்பை உள்ளே மடக்காமல் விட்டால் ஏறுகிற தாள் அதில் உரசும். இரண்டு டிராக்டருக்கும் நடுவே தாளை முறுக்காக இழுத்துப் பூட்டவும் கூடாது, தொய்ய விடவும் கூடாது. மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து லேசாக அகலும். அப்போது ஒரு பக்க டிராக்டரைக் கொஞ்சம் தளர்த்திப் பூட்டினால் போதும்.

விண்டோஸில் பாதித் தாள் பில் அடிப்பவர்கள் மூன்று இடத்தில் ஒரே அளவைச் சொல்ல வேண்டும். பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் 10×6 என்று புது ஃபார்ம் உருவாக்குவது முதல் வேலை. பிரிண்டரின் டிவைஸ் செட்டிங்ஸிலும் பிரிஃபரன்ஸிலும் அதைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது. பில்லிங் மென்பொருளின் தாள் அளவிலும் அதையே வைப்பது மூன்றாவது. மூன்றில் ஒன்று பிசகினாலும் போச்சு. டிரைவரை மறுபடி போட்டால் இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும் என்பதைத் தாளில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

வெறும் எழுத்தாக அனுப்பும் பழைய புரோகிராம் என்றால் எப்சன் கம்பெனியின் எஸ்கேப் கட்டளைகள், அதாவது எண்களாகப் போகும் பிரிண்டர் கட்டளைகள்தான் மொழி. மற்ற கம்பெனி மெஷின்களும் பெரும்பாலும் இதைப் புரிந்துகொள்ளும். 27, 67, 0, 6 என்று நான்கு எண் அனுப்பினால் பக்க நீளம் 6 அங்குலம். கடைசி எண் 12 என்றால் 12 அங்குலம். இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கட்டளை வந்து சேரும்போது தாள் பக்கத்தின் தலையில் இல்லாவிட்டால், அப்போது நிற்கிற வரியே புதுத் தலை ஆகிவிடும். ஆகவே பில்லின் முதல் எழுத்துக்கும் முன்னால் இது போக வேண்டும். பில்லின் நடுவில் செருகி வைத்துவிட்டு மெஷினைத் திட்டுகிற புரோகிராமர்கள் உண்டு.

குமிழ் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். கரண்ட் ஓடும்போது பக்கவாட்டுக் குமிழைக் கையால் திருகவே கூடாது. நீங்கள் திருகியது அதன் கணக்கில் ஏறாது, பல்சக்கரமும் தேயும். நகர்த்த வேண்டுமானால் பொத்தானால் நகர்த்துங்கள். கையால்தான் என்றால் அணைத்துவிட்டு, கோட்டைச் சரியாக நிறுத்தி, பிறகு ஸ்விட்ச் போடுங்கள். இன்னொன்று, ஆட்டோ டேர் ஆஃப். பில் முடிந்ததும் தாளைக் கிழிக்கிற விளிம்புக்குத் தள்ளிவிட்டு, அடுத்த பில் வந்ததும் பின்னால் இழுத்துக்கொள்ளும் வசதி. ஒரே அடுக்குள்ள தொடர் தாளுக்கு அருமை. மூணு காப்பித் தாளில் பின்னுக்கு இழுக்கும்போது அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, துளைகள் ஒத்துவராமல் 1, 2 மி.மீ. தப்பும். மெனுவில் அதை அணைத்துவிட்டுக் கையால் பொத்தான் அழுத்துவது மேல்.

இனி ஹெட். அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை. சுமார் 0.3 மி.மீ. தடிமன் உள்ள ஒன்பது கம்பிகள் ரிப்பனையும் மூன்று அடுக்குத் தாளையும் சேர்த்துக் குத்திக்கொண்டே இருக்கின்றன. அவை தாமாகச் சாவதைவிட நாம் சாகடிப்பதுதான் அதிகம். ரிப்பன் மையில் இருக்கும் எண்ணெய்தான் பின்களுக்கும் வழுவழுப்பு. "இன்னும் படிக்க முடியுதே" என்று காய்ந்த ரிப்பனை ஓட்டுவது, எழுத்து மங்கினால் ஹெட்டுக்கும் தாளுக்கும் இடைவெளி வைக்கிற தாள் கன லீவரை இன்னும் நெருக்கி வைப்பது, ரீஃபில் என்ற பெயரில் ஸ்டாம்ப் பேடு மையை ஊற்றுவது, இந்த மூன்றும்தான் கொலைகாரர்கள். நெருக்கி வைத்தால் ரிப்பன் நார் பிரியும், பிரிந்த நாரில் பின் மாட்டும், ஹெட் நகரும்போது நுனி ஒடியும். ஒற்றைத் தாளுக்கு 0, அடுக்கு கூடக் கூட ஒவ்வொரு படியாக லீவரைத் தள்ள வேண்டும். இதைச் செய்தாலே ஹெட்டின் ஆயுள் கணிசமாக நீளும்.

எழுத்துக்குக் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் ஒரு பின் விழவில்லை என்று அர்த்தம். உடனே ஹெட்டுக்கு ஆர்டர் போடாதீர்கள். எல்.எஃப் (வரி தள்ளும்) பொத்தானை அழுத்தியபடி ஸ்விட்ச் போட்டால் பெரும்பாலான மாடல்களில் சுயசோதனை ஓடும். கோடு பக்கம் முழுக்க இருக்கிறதா, வலப்பக்கம் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் என்றால் ஹெட்டுக்குப் போகும் பட்டை கேபிள் மடங்குமிடத்தில் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். கேபிளின் விலை ஹெட்டின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. பக்கம் முழுக்க என்றால் பின்களை உந்தும் ஒன்பது காயிலையும் மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். எட்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டி ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுதான் ஆள். எல்லாம் சரியாக இருந்தால் நுனி ஒடிந்ததா, மை காய்ந்து பின் சிக்கியதா என்று பார்க்க வேண்டும். சிக்கியதென்றால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் மூக்கை மட்டும் நனைத்து வைத்தால் பல நேரம் மீண்டுவிடும்.

காயில் எரிந்திருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. போர்டில் அந்தப் பின்னை ஓட்டும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அதைப் பார்க்காமல் புது ஹெட் மாட்டினால் அதே காயில் மறுபடி எரியும். போர்டைச் சோதித்துவிட்டுத்தான் ஹெட் மாட்டுவேன் என்கிற மெக்கானிக் கிடைத்தால் அவர் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏன் வைத்திருக்க வேண்டும்? ஒரே குத்தில் மூன்று தாள். ஜி.எஸ்.டி. விதி 48 படி சரக்கு விற்பனை பில்லுக்கு மூன்று பிரதி வேண்டும்: வாங்குபவருக்கு, வண்டிக்காரருக்கு, விற்பவருக்கு. லேசரில் மூன்று முறை அடிக்கலாம்தான். ஆனால் மூன்றும் ஒரே பில்தான் என்பதற்குக் கார்பன் காப்பியைவிட நேரடியான சாட்சி இல்லை. தெர்மல் சீட்டை லாரி முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பாருங்கள், சேலம் தாண்டுவதற்குள் வெளுக்கத் தொடங்கும். ரிப்பன் மையில் விழுந்த எழுத்து அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. ரிப்பனும் திடீரென்று கைவிடாமல், மெல்ல மெல்ல மங்கி முன்கூட்டியே சொல்லிவிடும். தூசி பறக்கிற எடை மேடையிலும் அரிசி மண்டியிலும் வேறு எந்த பிரிண்டரும் இத்தனை காலம் தாங்காது.

தமிழில் அடிக்க வேண்டியவர்களுக்கு மட்டும் ஏமாற்றம். பெரும்பாலான மாடல்களில் உள்ளிருக்கும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. அவற்றுக்குத் தமிழைப் படமாகத்தான் அனுப்ப முடியும். வேகம் படுத்துவிடும், சிறிய அளவில் க் போன்ற மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ணி-யும் ணீ-யும் ஒன்றுபோலத் தெரியும். கடைப் பெயரையும் முகவரியையும் தமிழில் முன்னச்சாக அடித்து வைத்துக்கொண்டு, சரக்கையும் எண்களையும் மெஷினின் சொந்த எழுத்துருவில் விடுவதுதான் நடைமுறை.

இதன் காலம் முடிவது இயந்திரக் கோளாறால் இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் தொழில் நிறுவனங்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிகிற பில்) போட்டாக வேண்டும். அதில் வரும் நெருக்கமான க்யூ.ஆர். குறியீட்டை 9 பின் அடித்தால் போன் கேமரா படிக்க முழிக்கும். இ-இன்வாய்ஸுக்கு மூன்று பிரதி விதியும் பொருந்தாது. 64 பிட் விண்டோஸில் பழைய டாஸ் பில்லிங் புரோகிராம் நேரடியாக ஓடாது என்பது தனித் தலைவலி.

அதனால் என் தீர்ப்பு, வாங்காதீர்கள். புதிதாகக் கடை போடுகிறவருக்கு இந்தத் தாள் நகர்கிற பிழைப்பு வேண்டவே வேண்டாம். ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன், அதுவும் ஹெட்டின் உழைப்புக்காக. எங்கள் மெஷினை யாராவது விலைக்குக் கேட்டால் கொடுக்க மாட்டேன், அது வேறு.

எப்படியும் ஒன்று வாங்கியே தீருவேன் என்று பழைய சந்தைக்குப் போகிறவர்கள் சுயசோதனைத் தாளை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு டிராக்டரின் பூட்டும் நழுவாமல் நிற்கிறதா, பற்கள் முனை மழுங்காமல் இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். ஹெட் ஓடும் தண்டில் கிரீஸ் அப்பியிருந்தால் துடைத்துவிட்டுக் கையால் நகர்த்திப் பாருங்கள், எங்கேயும் இடறக் கூடாது. கணினியோடு இணைக்கிற பழைய ரகப் பேரலல் கேபிளை மெஷினோ கணினியோ ஓடிக்கொண்டிருக்கும்போது செருகவோ பிடுங்கவோ விடாதீர்கள், போர்ட் போய்விடும். கையோடு பத்துப் பக்கம் தொடர் தாள் கொண்டுபோய் ஒவ்வொரு பக்கத் தலையிலும் ஒரு வரி அடிக்கச் சொல்லி, முதல் பக்கத்திலும் பத்தாவது பக்கத்திலும் மேல் விளிம்பிலிருந்து அந்த வரி எத்தனை மி.மீ. என்று ஸ்கேலால் அளந்த பிறகு காசை எடுங்கள்.