மறைமாவட்டத்தின் திருமணத் தயாரிப்புப் பயிற்சி: ஒரு மதிப்புரை

கத்தோலிக்கத் திருமணத்துக்கு முந்தைய பயிற்சி என்றாலே, ஓலை வாசிப்பதற்கு, அதாவது திருமண அறிவிப்பைக் கோயிலில் வாசிப்பதற்கு முன் பங்குத்தந்தையிடம் கொடுக்க வேண்டிய ஒரு சான்றிதழுக்காக விடுப்பு எடுத்துப் போய் உட்கார்ந்துவிட்டு வரும் காரியம் என்றுதான் நம் பங்குகளில் பலரும் நினைக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மணமக்களைத் திருமண வாழ்வுக்குத் தயார்செய்வது மேய்ப்பர்களின் கடமை என்று 1063-ஆம் விதியில் சொல்கிறது. ஆனால் அந்தக் கடமை எவ்வளவு அக்கறையோடு நிறைவேற்றப்படுகிறது என்பது மையத்துக்கு மையம் மாறுகிறது. எனக்கு நிச்சயிக்கப்பட்டவரும் நானும் தென்மாவட்டத்து மறைமாவட்டம் ஒன்றின் பணி மையத்தில் அண்மையில் இந்தப் பயிற்சியை முடித்தோம். பணத்தையும் பெற்றோரையும் பற்றி இருவரையும் மனம்விட்டுப் பேச வைத்த விதத்தில் அது எங்கள் எதிர்பார்ப்பைத் தாண்டியது. சாதி, சீர், அடி உதை ஆகியவற்றைச் சரிவரப் பேசாமலே கடந்துபோனது ஏமாற்றம் தந்தது.

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு நண்பகல் திருப்பலியோடு முடிகிற பயிற்சி அது. பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதமும் திருமுழுக்குச் சான்றிதழும் கொண்டுபோக வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தங்குமிடம். சாப்பாடு எளியது, சூடானது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அரங்கின் ஒலிபெருக்கி மட்டும் பின்வரிசைக்காரர்களைத் தூங்கச் செய்யும் அளவுக்கு மந்தமானது.

பயிற்சியின் சிறந்த பகுதியை நடத்தியவர்கள் குருக்கள் அல்லர். பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கிய ஒரு தம்பதியர். எல்லாரும் 'அண்ணன்', 'அக்கா' என்றே அவர்களை அழைத்தோம். விவிலியத்தில் பவுலடியாரின் எபேசியர் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தால், மனைவியர் கணவருக்குப் பணிந்திருக்கச் சொல்லும் 22-ஆம் வசனத்திலிருந்து தொடங்குவதுதான் நம் மேடைகளின் வழக்கம். அந்த அக்கா அதற்கு முந்தைய வசனத்தில், அதாவது ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்று இருவருக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட இடத்தில் தொடங்கி, அதை விட்டுவிட்டு அடுத்ததை வாசிப்பது எப்படித் தகும் என்று கேட்டார். அரங்கிலிருந்த மாப்பிள்ளைகள் சிலர் நெளிந்ததைப் பார்க்க முடிந்தது.

அடுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு வினாத்தாள் தரப்பட்டது. இருவரும் எதிரெதிர் மூலைகளில் உட்கார்ந்து தனித்தனியாக எழுதி, பிறகு தாளை மாற்றிக்கொண்டு தோட்டத்தில் நடந்தபடி பேச வேண்டும். கேள்விகளில் அலங்காரம் ஏதுமில்லை: சம்பளம் யாருடைய கணக்கில் விழும்? பெண் தன் பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்பினால் உங்களுக்குச் சம்மதமா? உங்கள் பெயரில் இப்போது என்னென்ன கடன் இருக்கிறது? கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலிக்கு எந்த வீட்டிலிருந்து போவீர்கள்? கடைசிக் கேள்வி விளையாட்டாகத் தோன்றும். எங்கள் இருவருக்குள்ளும் நெடுநேரம் பேச்சு நீண்டது அதில்தான். அவர் தயங்கித் தயங்கி எழுதியிருந்த தனிநபர் கடனைப் பற்றியும் அந்தத் தாளில்தான் நான் முதலில் படித்தேன். நிச்சயதார்த்தத்துக்குப் பின் தினமும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தும் இந்தப் பேச்சு வந்திருக்கவில்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் இனியும் எப்போது வந்திருக்குமோ தெரியாது.

கைப்பேசி பற்றிய அமர்வு சிறியது, ஆனால் உருப்படியானது. பொழுது சாய்வதற்குள் சினம் தணிய வேண்டும் என்ற பவுலடியாரின் அறிவுரையை நினைவூட்டிய அண்ணன், இரவுப் பணிக்குப் போகிறவர்களின் வீட்டில் பொழுது எப்போது சாய்கிறது என்பதை முதலில் பேசி முடிவுசெய்யுங்கள் என்றார். சண்டையை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்யக்கூடாது, அதன் திரைப்பதிவை அம்மாவுக்கோ அக்காவுக்கோ அனுப்பவே கூடாது என்ற அவருடைய விதிக்கு அரங்கம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேராவது ஏற்கெனவே அனுப்பியவர்களாக இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

கருவுறும் நாள்களைக் கணித்துப் பிள்ளைப்பேற்றைத் திட்டமிடும் இயற்கைமுறைக் குடும்பத் திட்டத்துக்கு அரை நாள் போனது. செயற்கைக் கருத்தடையை மறுத்துத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் வெளியிட்ட சுற்றுமடலின் அடிப்படையையும், ஆஸ்திரேலியாவின் பில்லிங்ஸ் மருத்துவத் தம்பதியர் உருவாக்கிய முறையையும் மருத்துவரான ஓர் அருட்சகோதரி கூச்சமின்றித் தெளிவாக விளக்கினார். கேள்வி கேட்க நேரம் விடப்படவில்லை. அட்டவணைகளை நோட்டில் படியெடுப்பதிலேயே பொழுது கழிந்தது.

எங்கள் குழுவில் இந்து மாப்பிள்ளை ஒருவரும் இருந்தார். இத்தகைய திருமணத்துக்கு மறைமாவட்டத்தின் தலைவரான ஆயரின் விதிவிலக்கு வேண்டும். பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் துணை வாக்களிக்க வேண்டும். அந்த வாக்குறுதியை மற்றவர் அறிந்திருக்க வேண்டும். இதை எதையும் மறைக்காமல், அவரை மதம் மாற்றும் தொனியும் இல்லாமல், அவருடைய அம்மா கோவிலுக்கு அழைத்தால் மருமகள் என்ன செய்வாள் என்பது வரை பேசவிட்டது பாராட்டத்தக்கது.

குறைகளுக்கு வருகிறேன். வரதட்சணை பாவம் என்ற ஒற்றை வாக்கியத்தோடு அந்தத் தலைப்பு முடிந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. 'நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்' என்று நயமாகச் சொல்லும் வீடுகளை என்ன செய்வது என்பதும் பேசப்படவில்லை. சாதியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒரே நற்கருணையை உட்கொண்டுவிட்டு, பெண் பார்க்கும்போது மட்டும் சாதி பார்க்கும் குடும்பங்களிலிருந்துதான் அந்த அரங்கில் பலரும் வந்திருந்தோம் என்பதை நடத்துபவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

இவற்றைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. கணவர் அடித்தால் என்ன செய்வது என்று எழுதிப் போடப்பட்ட ஒரு சீட்டுக்கு, பொறுமையோடு சிலுவையைச் சுமந்து செபிக்க வேண்டும் என்ற பதில் வந்தது. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனத்தளவிலோ பேராபத்து விளைவிப்பவரிடமிருந்து பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் விதி இடமளிக்கிறது. தாமதிப்பது ஆபத்து என்றால் ஆயரின் ஆணைக்குக் காத்திராமலே போகலாம் என்றும் அதே விதி சொல்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. திருச்சபையின் சட்டமே பேசும் இடத்தில் பயிற்சியாளர் செபத்தோடு நிறுத்திக்கொண்டதை ஏற்க முடியவில்லை. நிறைவில் தரப்பட்ட கருத்துப் படிவத்தில் இதை விதி எண்ணோடு எழுதிக் கொடுத்தேன்.

இத்தனைக்குப் பின்னும் போகலாமா என்று கேட்டால், கட்டாயம் போங்கள் என்பேன். ஆனால் சீக்கிரமாகப் போங்கள். 2022-இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒன்று, திருமணத் தயாரிப்பு நீண்ட காலம் படிப்படியாக நடக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் அது வார இறுதி ஒன்றில் முடிகிறது; அதிலும் பெரும்பாலோர் மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, அழைப்பிதழ் அச்சடித்து, ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகே வருகிறார்கள். எங்களுக்கு அடுத்த மேசையிலிருந்த பெண், கடன் பற்றிய கேள்விக்கு வந்த பதிலை இரண்டு முறை வாசித்துவிட்டு, இனி என்ன பேசி என்ன என்று தாளை மடித்து வைத்துக்கொண்டார். அவருக்குத் திருமணம் அடுத்த வாரம்.