பாங்காக்கில் "அரண்மனை இன்று மூடியிருக்கிறது" என்று யாராவது சொன்னால் நிற்காமல் நடங்கள்

மக்களே, ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆபீஸ் வேலையாக பாங்காக் போய், லீவு நாளில் கூட வந்த நண்பனோடு ஊரை நடந்து பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இது. அரண்மனை மூடியிருக்கிறது என்று சொல்லி ரத்தினக்கல் கடைக்குத் திருப்பிவிடும் ஏமாற்றில் எனக்குப் போனது 28,000 பாட் (தாய்லாந்துப் பணம்). நம்ம காசுக்கு எழுபதாயிரத்துக்கு மேல். கடைப் பெயர் போடவில்லை. ஏசி ஷோரூம், வாசலில் டை கட்டிய ஆள், உள்ளே ரத்தினக்கல். இந்த வகைக் கடை எல்லாவற்றிலும் வித்தை ஒன்றேதான்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள், ஏமாற்று வேலையே அதை வைத்துத்தான். சீலோம் பகுதியிலிருந்து எம்.ஆர்.டி. மெட்ரோ ரயிலின் நீலத் தடத்தில் ஏறினால் சனாம் சாய் ஸ்டேஷனில் இறங்கலாம். மேலே வந்தால் வாட் போ கோயில், அதைத் தாண்டினால் கிராண்ட் பேலஸ் என்கிற அரண்மனையின் மதில். பார்வையாளர்களுக்கான வாசல் வடக்கே, நா ப்ரா லான் சாலையில் இருக்கிறது. நடந்து வருகிறவர் கண்ணில் முதலில் படுவதோ தெற்கு மதிலின் சாத்திய கதவு. அது பார்வையாளர்களுக்குத் திறக்கிற கதவே இல்லை. ஏமாற்றுகிற ஆள் நிற்பது சரியாக அங்கேதான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஒரு அடையாள அட்டை. "இன்று புத்தர் நாள், மதியம் ஒரு மணிக்கு மேல்தான் திறப்பார்கள்" என்று சொல்லிவிட்டு அந்தக் கதவைக் கை காட்டுவான். கதவு நிஜமாகவே மூடித்தானே இருக்கிறது!

அப்புறம் நம் கையிலிருக்கும் மேப்பை வாங்கி, பேனாவால் மூன்று இடத்தை வட்டம் போடுவான். 20 பாட்டுக்கு டுக்டுக்கும் (அந்த ஊர் ஆட்டோ) அவனே நிறுத்திக் கொடுப்பான். டிரைவர் கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சொல்வான்: "ஒரு கடைக்கு வந்து பத்து நிமிஷம் பார்த்தால் போதும், எனக்கு பெட்ரோல் கூப்பன் கிடைக்கும், நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம்." உண்மையைத்தான் சொல்கிறான். கூப்பனும் நிஜம். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவன் ஏமாற்றுவானா என்று தோன்ற வைப்பதற்கே அந்த உண்மை.

நம்பிக்கை முழுசாக விழுகிற இடம் கடை இல்லை, அதற்கு முன்னால் நிறுத்துகிற சின்னக் கோயில். கூட்டமே இருக்காது. உள்ளே ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார், நடுத்தர வயது, நல்ல ஆங்கிலம். எதையும் விற்க மாட்டார், எங்கேயும் கூப்பிட மாட்டார். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்துவிட்டு, போகிற போக்கில் சொல்வார்: "கல்லுக்கு ஏற்றுமதி வரித் தள்ளுபடி இன்றோடு முடிகிறது, நான் மகள் படிப்புக்காக வாங்கி வெளிநாட்டில் விற்றேன், இரட்டிப்பு கிடைத்தது." டிரைவர் இதே கடையைச் சொல்லியிருப்பான். சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் ஒரே சேதி சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அப்படி ஒரு தள்ளுபடியே கிடையாது. வருஷம் பூராவும் "இன்றோடு" தான் முடியும்.

கடையில் பிறந்த தேதி கேட்டார்கள். இந்தியர் என்றால் சனிக்கு நீலம் என்பது வரைக்கும் மனப்பாடம். மூன்று நீலக்கல், சேர்த்து 4.2 கேரட். பேனா மாதிரி ஒரு டெஸ்டரை வைத்தார்கள், முள் நீலக்கல் கோட்டில் நின்றது. அந்தக் கருவி கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்று மட்டுமே பார்க்கும். ஃபேக்டரியில் செய்த நீலக்கல்லுக்கும் முள் அங்கேயேதான் நிற்கும். தரத்தைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. 30,000 சொல்லி 28,000 பாட்டுக்கு இறங்கினார்கள். கார்டு மெஷினில் பாட்டா ரூபாயா என்று வந்தபோது அவர்களே ரூபாயை அமுக்கிவிட்டார்கள். அந்த மாற்று விகிதத்தில் தனியாக ஒரு கடி.

கல்லை பிளாஸ்டிக் பாக்கெட்டில் போட்டு சூடு வைத்து ஒட்டி, "ஏர்போர்ட் தாண்டும் வரை பிரிக்காதீர்கள், 7 சதவீத வாட் வரி திரும்ப வரும்" என்றார்கள். நகையில் பதிக்காத கல்லுக்கு அந்த வரி திரும்ப வரவே வராது, அது நகைக்குத்தான். பாக்கெட்டைப் பிரித்தால் பணம் திரும்பாது என்று பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. பிரிக்காமல் எப்படிப் பரிசோதிப்பது?

ஊருக்கு வந்து காட்டியதில் தெரிந்தது இதுதான்: கல் நிஜ நீலக்கல். சூடேற்றி நிறம் கூட்டியது, உள்ளே மேகம் மேகமாக மங்கல், வெட்டும் மோசம். செய்தித்தாள் மேல் வைத்தால் கல்லின் நடுவழியே எழுத்தைப் படிக்க முடிகிறது, அடிப்பக்கத்தை அவ்வளவு தட்டையாக வெட்டியிருக்கிறார்கள். கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கடை கொடுத்த சர்டிபிகேட்டில் "இயற்கை நீலக்கல்" என்று மட்டும் இருக்கிறது, அது உண்மை. பொய் விலையில் மட்டும் இருப்பதால் எங்கே போய் என்ன நிரூபிப்பது?

போன் செய்தால் முதலில் மேனேஜர் இல்லை. அடுத்து, "பாக்கெட் பிரித்தாயிற்றா? அப்போ முடியாது." அடுத்து, நேரில் வந்தால் வேறு கல் மாற்றித் தருவார்களாம், அதுவும் கூடுதல் பணம் கட்டினால். 28,000 பாட்டை மீட்க இன்னொரு விமான டிக்கெட்! கார்டு கொடுத்த வங்கியில் கேட்டால், நீங்கள்தானே பின் நம்பர் போட்டீர்கள், பொருளும் கைக்கு வந்துவிட்டதே என்கிறார்கள். குறைதீர்ப்பு எண் கொடுத்து, இரண்டே நாளில் "தீர்க்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ்.

என்ன செய்யலாம் என்று விலாவாரியாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அரண்மனை தினமும் காலை 8.30க்குத் திறக்கும், 3.30 வரை டிக்கெட், 500 பாட். அரச சடங்குகளுக்கு மூடினால் அவர்கள் இணையதளத்திலேயே போடுவார்கள். மதிலைப் பிடித்தபடி வடக்கு வாசல் வரை நடந்துவிடுங்கள். 20 பாட் டுக்டுக்கில் ஏறவே ஏறாதீர்கள். கல் வாங்கியே தீர வேண்டுமென்றால், மாரியம்மன் கோயில் இருக்கிற அதே சீலோம் சாலையில் தாய்லாந்து அரசு சார்ந்த ரத்தினப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, ஜி.ஐ.டி. என்பார்கள். அங்கே சோதித்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள், கடைக்காரன் முகத்தைப் பாருங்கள். கார்டு மெஷினில் எப்போதும் பாட். சுற்றுலா போலீஸ் 1155, அந்த நாட்டில் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

வங்கிக்கு மறுபடியும் மெயில் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் இதிலேயே சேர்க்கிறேன்.