இரவுப் பனித்தடத்தில் 50 கிலோமீட்டரா, 80 கிலோமீட்டரா?

இருட்டிய பிறகு, பனிமீது ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலை மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓட்டுவதா, 80-இல் ஓட்டுவதா என்பதை முகப்பு விளக்கின் ஒளி எட்டும் தூரமே தீர்மானிக்க வேண்டும். தடத்தில் விழுந்து கிடக்கும் மரக்கிளையைக் கண்டு, வலது கட்டைவிரல் வேகமூட்டும் த்ராட்டிலை விட்டு, இடது கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒன்றரை விநாடி கழிந்தால், 50-இல் ஏறத்தாழ 21 மீட்டரும் 80-இல் 33 மீட்டரும் கடந்துவிடும். வேகம் குறையத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். மோதலின் ஆற்றலோ 80-இல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பொதுத் தடங்களின் உச்சவரம்பே 50தான்; அது சற்றும் மிகையான கட்டுப்பாடன்று. எதிர்வரும் வண்டி கண்ணில் படாத வளைவுகளிலும் மேட்டு உச்சிகளிலும், குறிப்பாகப் பனி இறுகிக் கண்ணாடிபோல் வழுக்கும் இடங்களில், அந்த 50-ஐயும் நன்றாகக் குறைத்தாக வேண்டும்.